எஸ்.டி.பி. ஆபரேட்டர் வேலையில் சேரும் தம்பி முதலில் கற்க வேண்டியவை

கேள்வி இது: "என் தம்பி ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்திருக்கிறான். சென்னையில் 200 வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் எஸ்.டி.பி. ஆபரேட்டர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சுவிட்ச் போட்டு அணைக்கிற வேலைதான் என்கிறார்கள். இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? எதிர்காலம் உண்டா?"

சுவிட்ச் போடுவது அந்த வேலையில் பத்தில் ஒரு பங்கு. எஸ்.டி.பி. என்பது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அங்கே கழிவுநீரைச் சுத்தம் செய்வது மோட்டாரோ தொட்டியோ கிடையாது, தொட்டிக்குள் வாழும் பாக்டீரியாக்கள். அவற்றுக்கு அளவாகத் தீனி போக வேண்டும், காற்று நிற்காமல் கிடைக்க வேண்டும், பெருகியதை அன்றாடம் வெளியே எடுக்க வேண்டும். மாட்டுத்தொழுவம் பார்த்துக்கொள்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. தீனி வைத்தவர் சாணியை அள்ளாமல் விட்டால் தொழுவம் என்ன ஆகும்? நம் ஊர் அடுக்ககங்களில் பெரும்பாலான எஸ்.டி.பி.க்கள் கெடுவது அந்த ஒரு காரணத்தால்தான். ஆபரேட்டருக்கு மோட்டாரைக் காட்டிக்கொடுப்பார்கள். ஸ்லட்ஜை, அதாவது பெருகிய பாக்டீரியாச் சேற்றை, எப்போது, எவ்வளவு எடுப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

அதற்கு முன் உயிர் விஷயம். தம்பிக்கு வேறு எதுவும் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்: எந்தச் சூழ்நிலையிலும், யார் சொன்னாலும், கழிவுநீர்த் தொட்டிக்குள் அவர் இறங்கக் கூடாது.

கழிவுநீர் தேங்கும் இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "இப்போது நாற்றம் இல்லை, இறங்கலாம்" என்ற முடிவு அதனால்தான் ஆளைக் கொல்கிறது. 500-க்கு மேல் போனால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். 1,000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சே போதும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். தொட்டி அடியில் படிந்த சேறு வாயுவைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கும். மேலே நின்று மீட்டரை இறக்கிப் பார்த்தால் பூஜ்யம் காட்டலாம். ஒருவர் இறங்கிக் காலால் சேற்றைக் கலக்கியதும் மொத்த வாயுவும் ஒரே நேரத்தில் வெளியேறும். அவர் விழுவார். மேலே இருப்பவர் காப்பாற்றக் குதிப்பார், அவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாகிற செய்திகள் இப்படித்தான் உருவாகின்றன.

கைக்குட்டை, துணி முகமூடி எதுவும் இதைத் தடுக்காது. கேனிஸ்டர் மாட்டிய முகமூடியும் ஆக்சிஜன் தராது. அது இருக்கிற காற்றை வடிகட்டித் தருவது மட்டுமே. காற்றில் சாதாரணமாக 20.9 விழுக்காடு ஆக்சிஜன் உண்டு. அது 19.5-க்குக் கீழே போனால் அங்கே நுழையக் கூடாது. தவிர்க்கவே முடியாத பணிக்கு நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டர், மேல்-நடு-அடி என மூன்று ஆழங்களில் அளவு, ஊதுகுழல் மின்விசிறி, சுவாசக் காற்று உருளையுடன் கூடிய முகக்கவசம், முக்காலியும் வின்ச்சும், உடல்பட்டை, மேலே இரண்டு பேர், எழுத்தில் அனுமதி என அத்தனையும் வேண்டும். அந்த வசதி உள்ள, பயிற்சி பெற்ற குழுவைத்தான் அழைக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு சட்டம், இந்த ஏற்பாடுகள் இல்லாமல் சாக்கடைக் குழாயிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. பம்ப் அடைத்துக்கொண்டால் சங்கிலியால் மேலே தூக்கிச் சரிசெய்யும்படி வழிகாட்டிக் கம்பி போட்டிருக்க வேண்டும். அது இல்லாத பிளாண்டில் முதல் கோரிக்கையாக அதைக் கேட்கலாம்.

இனி வேலைக்கு வருவோம். கணக்கு தெரியாத ஆபரேட்டர் அனுமானத்தில்தான் ஓட்டுவார், ஆகவே அந்த 200 வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக்கு 4 பேர் என்றால் 800 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்பது வடிவமைப்பாளர்கள் எடுக்கும் அளவு. மொத்தம் 108 கன மீட்டர். அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும்: சுமார் 86 கன மீட்டர். இதற்கு 100 கன மீட்டர் பிளாண்ட் போட்டிருப்பார்கள்.

கழிவுநீரின் பி.ஓ.டி. (அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வைத்தால் தினமும் 21.5 கிலோ 'தீனி' உள்ளே வருகிறது. காற்று ஊதப்படும் ஏரேஷன் தொட்டி 60 கன மீட்டர், அதில் எம்.எல்.எஸ்.எஸ். எனப்படும் உயிர்ச்சேறு லிட்டருக்கு 3,500 மில்லிகிராம் என்றால் தொட்டிக்குள் 210 கிலோ பாக்டீரியாச் சேறு இருக்கிறது. 210 கிலோவுக்கு 21.5 கிலோ தீனி, அதாவது பத்துக்கு ஒன்று. இந்த வகை பிளாண்டுக்கு இது சரியான விகிதம். இந்த மூன்று எண்களையும் தம்பி தன் பிளாண்டுக்குப் போட்டு பேனல் போர்டுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வைக்கட்டும்.

அடுத்தது ஓட்ட வேகம். காலை ஆறு முதல் ஒன்பது மணி வரை கழிவுநீர் குவியும்; நள்ளிரவில் சொட்டும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கத்தான் கலெக்‌ஷன் டேங்க் இருக்கிறது. அங்கிருந்து ஏரேஷனுக்குப் போகும் ஓட்டம் சமமாக இருக்க வேண்டும். 86 கன மீட்டரை 20 மணி நேரத்தில் அனுப்பினால் மணிக்கு 4.3 கன மீட்டர். பல இடங்களில் பெரிய பம்பைப் போட்டு மணிக்கு 12 கன மீட்டர் தள்ளி ஏழு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுவார்கள். அந்த ஏழு மணி நேரமும், சேறு அடியில் படிந்து நீர் தெளியும் தொட்டியான கிளாரிஃபையர் தன் அளவைப்போல மூன்று மடங்கு ஓட்டத்தைச் சுமக்கிறது. சேறு படிய நேரம் கிடைக்காமல் நீரோடு வழிந்துபோகும். பிறகு 'டிசைன் சரியில்லை' என்று புகார் எழுதுவார்கள். பைபாஸ் வால்வை வைத்து ஓட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை கலெக்‌ஷன் டேங்குக்கே திருப்பிவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஃப்ளோமீட்டர் இல்லையா? பக்கெட்டும் கைக்கடிகாரமும் போதும். 20 லிட்டர் பக்கெட் 17 நொடியில் நிரம்பினால் மணிக்கு 4.2 கன மீட்டர்.

முன்னே இருக்கும் இரண்டு சின்ன வேலைகளைச் சொல்லிவிடுகிறேன். நுழைவில் குப்பையைத் தடுக்கும் கம்பித் தட்டியான பார் ஸ்கிரீனை நாளுக்கு இரண்டு முறை வாராவிட்டால் நாப்கினும் ஈரத்துணியும் உள்ளே போய் பம்ப் இம்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். அடுக்களைக் குழாயில் உள்ள எண்ணெய்ப் பொறியில் மிதக்கும் கொழுப்பை வாரம் ஒருமுறை எடுக்க வேண்டும்.

இப்போது ஆபரேட்டரின் முக்கியமான கருவி. அது ஒரு லிட்டர் கண்ணாடி அளவுக் குடுவை. விலை அதிகமில்லை, ஆனால் ஐந்து இடம் போனால் மூன்றில் அது இருக்காது. ஏரேஷன் தொட்டியில் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், காற்று ஊதும் புளோயர் ஓடும்போது ஒரு லிட்டர் எடுத்து, ஆடாத மேசையில், வெயில் படாமல் 30 நிமிடம் வைக்க வேண்டும். சேறு எத்தனை மில்லிலிட்டர் கோட்டில் நிற்கிறது என்று குறிக்க வேண்டும். 350-இல் நின்றால், எம்.எல்.எஸ்.எஸ். 3,500 என்றால், 350-ஐ 1,000-ஆல் பெருக்கி 3,500-ஆல் வகுத்தால் 100 வரும். இது சேறு எவ்வளவு நன்றாக அடங்குகிறது என்பதற்கான குறியீடு. 80 முதல் 120 வரை நிம்மதி. 150-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

எண்ணைக் குறித்ததோடு போய்விடாமல் குடுவையைக் கண்ணாலும் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல சேறு சாக்லேட் பழுப்பில் இருக்கும், மழை பெய்த மண்ணின் வாசனை வரும். முதல் ஐந்து நிமிடத்தில் திரள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே தெளிந்த நீர் பிரிய ஆரம்பிக்கும். சாம்பல் அல்லது கறுப்பு நிறமும் புளித்த நாற்றமும் இருந்தால் காற்று போதவில்லை. வேகமாக அடங்கினாலும் மேலே ஊசிமுனைத் துகள்கள் கலங்கலாக நின்றால் சேறு கிழடாகிவிட்டது. அரை மணியில் அழகாக அடங்கி, ஒன்று இரண்டு மணி நேரத்தில் கட்டியாக மேலே எழும்பினால், அடியில் காற்றில்லாமல் நைட்ரேட்டிலிருந்து நைட்ரஜன் குமிழ்கள் கிளம்புகின்றன என்று பொருள். கிளாரிஃபையரிலும் அதுதான் நடக்கும். அங்கே சேறு அதிக நேரம் தங்காதபடி ரிட்டர்னை, அதாவது சேற்றை ஏரேஷனுக்குத் திருப்பி அனுப்பும் ஓட்டத்தை, கூட்ட வேண்டும்.

சேறு 900 மில்லிலிட்டரிலேயே நின்றுவிட்டால் இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து வேறு. கண்டுபிடிக்க எளிய வழி: இன்னொரு குடுவையில் பாதி ஏரேஷன் நீர், பாதி சுத்திகரித்த நீர் ஊற்றி அரை மணி வையுங்கள். 300 அளவுக்கு இறங்கிவிட்டால் சேறு நல்லதுதான், கூட்டம்தான் அதிகம், எடுத்துவிட்டால் சரியாகும். நீர் ஊற்றிய பிறகும் 700-இல் நின்றால் நூல்போல வளரும் பாக்டீரியா பெருகிவிட்டது. காற்றுக் குறைவு, அதிக எண்ணெய், தீனிக் குறைவு என்று காரணத்தைத் தேட வேண்டும். இந்தச் சோதனை தெரியாமல், நூல் பாக்டீரியா பிரச்சினைக்குக் கண்ணை மூடிக்கொண்டு சேற்றை அள்ளிக் கொட்டி பிளாண்டையே காலி செய்துவிடுகிறவர்கள் உண்டு.

நுரையும் பேசும். வெள்ளையாக, சோப்பு நுரைபோல எழுந்தால் சேறு இளசு, அல்லது போதாது. புது பிளாண்டில் இது வழக்கம். கரும்பழுப்பில், பிசுபிசுப்பாக, கையால் வழிக்கும் பதத்தில் படிந்தால் சேறு வயதாகி எண்ணெயும் சேர்ந்திருக்கிறது. தண்ணீர் பீய்ச்சிக் கலைத்துவிட்டால் அது திரும்ப வரும். வாரி எடுத்து வெளியேற்றிவிட்டு, ஸ்லட்ஜ் எடுப்பைக் கூட்ட வேண்டும்.

எவ்வளவு எடுப்பது? சேற்றின் சராசரி வயது 20 நாள் இருக்கட்டும் என்று முடிவுசெய்தால், 210 கிலோவை 20-ஆல் வகுத்து நாளொன்றுக்கு 10.5 கிலோ உலர்ந்த சேற்றை வெளியேற்ற வேண்டும். ரிட்டர்ன் லைனில் வரும் சேறு லிட்டருக்கு 8,000 மில்லிகிராம் என்றால், ஒரு கன மீட்டரில் 8 கிலோ. ஆக நாளுக்கு சுமார் 1,300 லிட்டர். இதைத் தினமும் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக 9,000 லிட்டர் எடுப்பது பாக்டீரியாவுக்கு வாரம் ஒரு அதிர்ச்சி.

எடுக்காமல் ஒரு மாதம் விட்டால் கணக்குப்படி 300 கிலோவுக்கு மேல் கூடுதலாகச் சேர்ந்து, எம்.எல்.எஸ்.எஸ். 8,000-ஐத் தாண்ட வேண்டும். ஆனால் சோதித்தால் 5,000 அல்லது 6,000-தான் காட்டும். மீதி எங்கே போனது? கிளாரிஃபையரில் வழிந்து சுத்திகரித்த நீர்த் தொட்டிக்குப் போய்விட்டது. அங்கிருந்து சாண்ட் ஃபில்டரை அடைக்கிறது. நீரைத் தலைகீழாக ஓட்டி ஃபில்டரைக் கழுவும் பேக்வாஷ், நாளுக்கு ஒருமுறை செய்தது, நாலு முறை ஆகிறது. அந்தப் பேக்வாஷ் நீர் கலெக்‌ஷன் டேங்குக்கே திரும்புவதால் சேறும் திரும்பி வருகிறது, ஓட்டமும் கூடுகிறது, கிளாரிஃபையர் இன்னும் திணறுகிறது. கழிப்பறை ஃப்ளஷில் மஞ்சள் நீர் வருகிறது என்று குடியிருப்போர் புகார் கொடுப்பார்கள், உடனே யாரோ ஃபில்டர் மணலை மாற்றச் சொல்வார்கள். செலவு ஆகும், மணல் மறுபடி அடைக்கும். நோய் இரண்டு தொட்டி முன்னால் இருக்கிறது.

எடுத்த சேறு, அதிலிருந்து நீரைப் பிழியும் ஃபில்டர் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். 10.5 கிலோ உலர்ந்த சேறு, பிழிந்த பின் ஏறக்குறைய 50 கிலோ ஈரக்கட்டியாக வரும். பிளாண்டில் பிரஸ் துருப்பிடித்து, அதன் துணி காய்ந்து, மாதக்கணக்கில் திறக்காமல் கிடந்தால், அங்கே ஸ்லட்ஜ் எடுக்கப்படவில்லை என்று லாக் புக்கைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம்.

ரிட்டர்ன் ஓட்டத்துக்கும் குடுவையே வழிகாட்டும். 350 மில்லிலிட்டர் சேறு என்றால் 350-ஐ 650-ஆல் வகுத்தால் 54 விழுக்காடு. உள்ளே வரும் 4.3 கன மீட்டருக்குக் குறைந்தது அந்தப் பங்கு திரும்ப வேண்டும். நடைமுறையில் 75 விழுக்காட்டை ஒட்டி, மணிக்கு 3.2 கன மீட்டர் வைக்கலாம். அளவுக்கு மீறிக் கூட்டினால் கிளாரிஃபையரில் கலக்கம் ஏற்பட்டு அதுவே சேற்றைத் தூக்கும்.

பிளாண்டுக்கு வெளியிலிருந்து வரும் கேடுகளையும் ஆபரேட்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும். துப்புரவுப் பணிக்கு ஆசிட், பிளீச்சிங் பவுடர், ஃபினைல் ஆகியவற்றைக் கேன் கேனாக ஊற்றும் குடியிருப்பில் பாக்டீரியா செத்துக்கொண்டே இருக்கும். எம்.எல்.எஸ்.எஸ். காரணமில்லாமல் இறங்கினால் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளரிடம் போய்ப் பேச வேண்டும். தண்ணீர் மென்மையாக்கும் பிளாண்டின் உப்புக் கழிவை எஸ்.டி.பி.க்குள் விடுவதும் அதே வகை. புது பிளாண்டைத் தொடங்கும்போது சாணி கரைத்து ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் நார்தான் அதிகம். தொட்டி அடியில் போய்ப் படியும். நன்றாக ஓடுகிற வேறொரு எஸ்.டி.பி.யின் ஏரேஷன் சேற்றை லாரியில் கொண்டுவந்து விடுவதே சரியான விதை.

காற்றுப் பக்கம் வந்தால் ஃபிட்டர் படிப்புக்கு நல்ல வேலை இருக்கிறது. பிளாண்டின் மின்கட்டணத்தில் பெரும்பகுதியை புளோயர்தான் எடுக்கும். நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தால் போதும். தொட்டி அடியில் காற்றைக் குமிழ்களாக விடும் டிஃப்யூசருக்கு மேல் 4 மீட்டர் நீர் இருந்தால் பிரஷர் கேஜ் சதுர சென்டிமீட்டருக்கு 0.4 கிலோவுக்குச் சற்று மேல், 0.45 அளவில் நிற்க வேண்டும். மாதங்கள் போகப்போக 0.55-க்கு ஏறினால் டிஃப்யூசர் ரப்பர் அடைத்திருக்கிறது. இறங்கினால் எங்கோ குழாய் விட்டிருக்கிறது, அல்லது பெல்ட் நழுவுகிறது, அல்லது காற்று வடிகட்டி அடைத்து உறிஞ்சலே குறைந்திருக்கிறது. தொட்டியின் ஒரே இடத்தில் மட்டும் தண்ணீர் கொதிப்பதுபோல் பெரிய குமிழ்கள் வந்தால் அங்கே டிஃப்யூசர் கிழிந்துவிட்டது. மற்ற மூலைகளுக்குக் காற்று போகாது, அங்கே சேறு படியும். நிறுத்தி வைத்த இரண்டாவது புளோயர் தானாகப் பின்னோக்கிச் சுழன்றால் அதன் நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை. வி-பெல்ட்டுகளில் ஒன்று அறுந்தாலும் முழு செட்டையும் மாற்ற வேண்டும். பழையதோடு புதியதைச் சேர்த்தால் புதியதே எல்லாப் பாரத்தையும் இழுத்து சீக்கிரம் அறும்.

மின்வெட்டில் புளோயருக்கு ஜெனரேட்டர் இணைப்பு இல்லாத பிளாண்டுகள் நிறைய இருக்கின்றன. நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் காற்று நின்றால் சேறு அழுகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் முதலில் காற்றை மட்டும் ஓட்டி, எக்ஸாஸ்டைப் போட்டு, நாற்றம் அடங்கிய பிறகே கழிவுநீரை உள்ளே விட வேண்டும். தேங்கிய சேற்றை முதலில் கலக்கும்போது வாயு வெளிவரும் என்பதால், அந்த முதல் அரை மணி நேரம் அடித்தள பிளாண்ட் அறையில் யாரும் நிற்க வேண்டாம்.

மின்பக்கத்தில் ஒரு பழுது ஆட்களை ரொம்ப நேரம் அலைய விடும். மின்வாரியப் பராமரிப்போ கேபிள் வேலையோ முடிந்த மறுநாள் பம்ப் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் அரைகுறையாக வருகிறது. ஃபேஸ் வரிசை மாறி, பம்ப் தலைகீழாகச் சுழல்கிறது. நீரில் மூழ்கிய பம்பில் சுழற்சி கண்ணுக்குத் தெரியாது. எலக்ட்ரீஷியனை வைத்து இரண்டு ஃபேஸை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓவர்லோட் ரிலே அடிக்கடி விழுந்தால் அதன் செட்டிங்கைக் கூட்டிவைப்பது மோட்டாரை எரிப்பதற்கான வழி. கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸ் ஆம்பியரையும் பார்த்து, எழுதி, போன வாரத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் அடுத்த முடிவு.

ஃபில்டரைப் பற்றி இரண்டு வரி போதும். உள்ளே போகும் அழுத்தத்துக்கும் வெளியே வரும் அழுத்தத்துக்கும் வித்தியாசம், சுத்தமாக இருந்தபோது இருந்ததைவிட 0.5 கிலோ கூடினால் பேக்வாஷ், நீர் தெளியும் வரை, பத்துப் பதினைந்து நிமிடம். மெல்லிய ஓட்டத்தில் செய்த பேக்வாஷ் மணலைத் தூக்காது. சேறும் மணலும் உருண்டைகளாகி உள்ளேயே கிடக்கும்.

குளோரினில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் வீதம் 86 கன மீட்டருக்கு 430 கிராம் குளோரின். 10 விழுக்காடு ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) என்றால் 4.3 லிட்டர். ஆனால் ஹைப்போ வெயிலிலும் வெப்பத்திலும் வீரியம் இழக்கும். சென்னை வெயிலில் திறந்த கேனில் சில வாரங்களில் பாதியாகலாம், அப்போது இரட்டிப்பு தேவைப்படும். ஆகவே சிறு கேனாக வாங்கி நிழலில் வைக்க வேண்டும். போட்டும் குளோரின் நிற்கவில்லையா? ஹைப்போவைக் கூட்டிக்கொண்டே போவதற்கு முன் ஏரேஷனைப் பாருங்கள். காற்றுப் போதாமல் அம்மோனியா மிச்சமிருந்தால், அதன் ஒவ்வொரு மில்லிகிராம் நைட்ரஜனும் எட்டுப் பத்து மில்லிகிராம் குளோரினை விழுங்கும். 20 மில்லிகிராம் அம்மோனியாவை ஹைப்போ ஊற்றித் தீர்க்க முடியாது. ஹைப்போ கேனையும் ஆசிட் கேனையும் ஒரே அலமாரியில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

லாக் புக்கில் ஒவ்வொரு நாளும் ஒரே எண் இருந்தால் அது கடைசி நாளில் உட்கார்ந்து நிரப்பிய புத்தகம், அதைப் பார்க்கிற எந்தப் பொறியாளருக்கும் புரியும். ஓட்டம், 30 நிமிடச் சேறு, கரைந்த ஆக்சிஜன், பி.ஹெச்., எடுத்த ஸ்லட்ஜ், புளோயர் பிரஷர், ஆம்பியர், மிச்சக் குளோரின் என எட்டு எண்களை உண்மையாக எழுதி, குடுவை அளவை மட்டும் கிராஃப் தாளில் புள்ளி வைத்து வந்தால், கெடப்போகும் பிளாண்ட் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிடும். பி.ஓ.டி. அறிக்கையை நம்பி அன்றாடம் பிளாண்டை ஓட்ட முடியாது. நம் நாட்டு முறையில் அந்தச் சோதனைக்கு 27 டிகிரியில் மூன்று நாள் ஆகும். அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, குடுவை ஆபரேட்டருக்கு. வாரியம் தந்த இசைவாணையில் உள்ள வரம்புகளையும் தம்பி வாங்கிப் படிக்கட்டும். 2017-இல் மத்திய அரசு அறிவித்த வரம்பில் பெருநகரங்களுக்கு பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராம், இசைவாணை அதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும்.

பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் கழிவுநீர் ஆபரேட்டராக இருக்க முதல் நிலையிலிருந்து ஐந்தாம் நிலை வரை தேர்வெழுதிச் சான்று பெற வேண்டும். பிளாண்டின் அளவுக்கேற்ற சான்று இல்லாதவரிடம் அதை ஒப்படைக்க முடியாது. இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. அந்த ஏற்பாடு இங்கும் வந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் பல கோடி ரூபாய் பிளாண்டை இரண்டு நாள் காட்டிக்கொடுத்துவிட்டு ஒருவரிடம் விடுகிறோம். ஐ.டி.ஐ.யில் வேதி ஆலை ஆபரேட்டர் பிரிவு இருக்கிறது. பசுமை வேலைகளுக்கான திறன் கவுன்சில் கழிவுநீர் சுத்திகரிப்பு டெக்னீஷியனுக்குத் தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே முன்னனுபவத்தைக் காட்டிச் சான்று பெறும் வழியும் உண்டு. ஃபிட்டர் படித்தவருக்குக் கை வேலை வரும், வேதியியல் குறையும். பி.எஸ்சி. வேதியியல் படித்து வருகிறவருக்கு நேர்மாறு. என் பார்வையில் ஃபிட்டருக்கே தொடக்கம் எளிது.

முதல் மாதம் பிளாண்டின் ஒவ்வொரு குழாயையும் கையால் தொட்டு, எது எங்கிருந்து எங்கே போகிறது என்று தம்பியே ஒரு படம் வரைய வேண்டும். கம்பெனிக்காரர் ஒட்டிய படம் பல இடங்களில் உண்மைக் குழாயோடு ஒத்துப்போகாது. ஒவ்வொரு வால்வுக்கும் எண் போட்டு டேக் கட்டட்டும். இரண்டாம் மாதம் குடுவையும் கணக்கும். மூன்றாம் மாதம் தானாக ஸ்லட்ஜ் அளவைத் தீர்மானித்து, அதன் விளைவை இருபது நாள் கழித்துக் குடுவையில் பார்க்கட்டும். சேற்றின் வயது 20 நாள் என்பதால் செய்த மாற்றம் தெரிய அவ்வளவு நாளாகும். இரண்டு நாளில் பலன் தெரியவில்லை என்று மறுபடி மாற்றுகிறவர் பிளாண்டைத் தள்ளாட வைப்பார்.

எதிர்காலம் நிச்சயமாக உண்டு. சென்னைக் குடிநீர் வாரியத்தின் கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களிலும் அடிப்படை இதே பாக்டீரியா முறைதான், அளவு மட்டும் ஆயிரம் மடங்கு. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019 முதல் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கொள்ளளவில் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தருகிறார்கள். திருப்பூரில் சாயக் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளிவிடாமல் ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் வைத்து ஓட்டும் பொது நிலையங்கள் இருக்கின்றன. நெம்மேலியிலும் மீஞ்சூரிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள். இங்கெல்லாம் ஆர்.ஓ.வின் வடிகட்டும் சவ்வான மெம்பிரேனைக் கெடுக்காமல் ஓட்டத் தெரிந்தவருக்குத் தேவை இருக்கிறது, வளைகுடாவிலும்தான். உயிரியல் பகுதியை ஒழுங்காகக் கற்றவருக்கு மெம்பிரேன் பகுதி எளிதில் வரும், ஏனென்றால் மெம்பிரேன் அடைப்பதில் பெரும்பங்கு முன்னால் செய்த தவறுகளால்தான்.

உடம்புக்கு: ஹெபடைட்டிஸ் ஏ, பி, டைபாய்டு, டெட்டனஸ் தடுப்பூசிகளை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளட்டும். எலிக்காய்ச்சல் காலில் உள்ள சிறு வெட்டு வழியாக வரும். கம்பூட்ஸ் இல்லாமல் பிளாண்டில் நிற்க வேண்டாம். பிளாண்டுக்குள் டீயும் சாப்பாடும் கூடாது. புளோயர் அறையில் காதுக்கவசம் போடட்டும்.

சேருவதற்கு முன் பிளாண்டை ஒருமுறை சுற்றிப் பார்க்க அனுமதி கேட்கச் சொல்லுங்கள். புளோயருக்கு ஜெனரேட்டர் லைன் இருக்கிறதா, ஃபில்டர் பிரஸ் துணி ஈரமாக இருக்கிறதா, வாயு மீட்டர் எங்கே, அளவுக் குடுவை எங்கே, இரவு ஷிஃப்டில் தனியாளா, பம்ப் அடைத்தால் யார் என்ன செய்வார்கள் என்று கேட்கட்டும். கடைசிக் கேள்விக்கு "நீதான் இறங்கி எடுக்கணும்" என்று பதில் வந்தால் அங்கே சேர வேண்டாம். மற்றவை எல்லாம் குறையாக இருந்தாலும் வேலைக்குப் போய் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொள்ளலாம். குடுவையை அவரே வாங்கிக்கொண்டு போகலாம்.